சரவுண்ட் ஒலியில் குறையா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

ஹோம் தியேட்டர் வாங்கியவர்கள் சொல்லும் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால், பின்பக்க ஸ்பீக்கர் பேசவில்லை, வசனம் புரியவில்லை, பேஸ் முழங்குகிறது, உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை என்று எட்டு அல்லது ஒன்பது வாக்கியங்களுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. இவற்றுள் கருவி பழுதானதால் எழுபவை மிகக் குறைவு. ஏதோ ஒரு மெனுவில் ஒரு தேர்வு தவறாக இருப்பதாலோ, ஸ்பீக்கர் வைத்த இடம் பொருந்தாததாலோ எழுபவையே மிகுதி. ஆனால் தவறு எந்தக் கருவியின் மெனுவில் இருக்கிறது என்பதைத்தான் பலரும் பிழையாக ஊகிக்கிறார்கள். ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியான ரிசீவரின் மெனுவை மணிக்கணக்காகப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்; பிழையோ தொலைக்காட்சியின் மெனுவில், இரண்டே அழுத்தல்களில் மாற்றக்கூடிய இடத்தில் இருக்கும்.

முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு, நடுவில் சென்டர், பின்பக்கம் இரண்டு சரவுண்ட், பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபர் என 5.1 அமைப்பு ஒன்று தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொண்டு இதை எழுதுகிறேன். அறை என்று சொல்லும்போது என் மனத்தில் இருப்பது நம் ஊர் வீடுகளின் ஹால்தான்: 12 அடிக்கு 16 அடி, டைல்ஸ் தரை, பூசிய வெற்றுச் சுவர்கள், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, பின்சுவரை ஒட்டிப் போட்ட சோபா.

எதையும் மாற்றும் முன்

இப்போதுள்ள அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாற்றங்களைச் செய்துவிட்டு, எதனால் நிலைமை கெட்டது என்று தெரியாமல் தவிக்காமல் இருக்க அந்தப் படங்கள் உதவும். அதே காரணத்துக்காக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, நன்கு பழகிய ஒரே காட்சியைத் திரும்ப ஓட்டிக் கேளுங்கள்.

பிறகு இரண்டு சோதனைகள். முதலாவது, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிசீவரின் முகப்புத் திரையைப் பார்ப்பது, அல்லது ரிமோட்டில் உள்ள 'இன்ஃபோ' பொத்தானை அழுத்துவது. ரிசீவருக்குள் வந்து சேர்வது என்ன, அதை ரிசீவர் என்னவாக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது என்ற இரண்டு செய்திகள் அங்கே கிடைக்கும். வருவது 'டால்பி டிஜிட்டல்', 'டால்பி டிஜிட்டல் பிளஸ்', 'டிடிஎஸ்' என்ற ஒலி வடிவங்களில் ஒன்றாக இருந்து, சேனல் (தனித்தனி ஒலிப்பாதை) எண்ணிக்கையும் 5.1 என்று இருந்தால் சரவுண்ட் ஒலி முழுமையாக வந்து சேர்கிறது. டால்பி டிஜிட்டல் என்ற பெயரை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது. அதிலும் வெறும் இரண்டு சேனல் உண்டு. 'பி.சி.எம். 2.0' என்று காட்டினால் வருவது ஸ்டீரியோ. ஒலிக்கலவை செய்தவர் பின்பக்கத்துக்கென்று தனியே வைத்த ஒலியை அதன்பின் ரிசீவரின் எந்த மெனுவாலும் அப்படியே மீட்டெடுக்க முடியாது.

இரண்டாவது, ரிசீவருக்குள்ளேயே இருக்கும் 'டெஸ்ட் டோன்'. 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அது எல்லா ஸ்பீக்கர்களிலும், அததற்குரிய இடத்தில் கேட்டால், ரிசீவரும் ஒயரும் ஸ்பீக்கரும் நலமாக உள்ளன. பிழை ரிசீவருக்கு ஒலி வந்து சேரும் பாதையில் இருக்கிறது. எங்கேயாவது கேட்காவிட்டால் பிழை ரிசீவரிலோ, அதிலிருந்து ஸ்பீக்கர் வரையுள்ள பாதையிலோ இருக்கிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சோதனைகளாலேயே தெளிந்துவிடும் என்பதால், இவற்றைச் செய்யாமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறி: பின்பக்க ஸ்பீக்கர்கள் மௌனமாக இருக்கின்றன

டெஸ்ட் டோனும் அங்கே கேட்கவில்லை என்றால், ரிசீவரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 7.1 வசதியுள்ள ரிசீவரில் 'சரவுண்ட்' என்றும் 'சரவுண்ட் பேக்' என்றும் இரண்டு இணைப்புத் தொகுதிகள் இருக்கும். ஐந்து ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்கள், பின்னால் வைப்பதுதானே என்று எண்ணி 'சரவுண்ட் பேக்'கில் ஒயரைச் செருகிவிடுகிறார்கள். ஆனால் 5.1 ஒலியின் பின்பக்கச் சேனல்கள் போய்ச் சேருவது 'சரவுண்ட்' என்ற தொகுதிக்குத்தான். என் அக்கா வீட்டில் இந்த ஒரே காரணத்தால் இரண்டு ஸ்பீக்கர்கள் பல மாதங்கள் சுவரில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. ஒயர் சரியாக இருந்தால், மெனுவில் 'ஸ்பீக்கர் கான்ஃபிகரேஷன்' பகுதியில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 'இல்லை' என்று குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

டெஸ்ட் டோன் கேட்கிறது, படம் ஓடும்போது மட்டும் ஒலி இல்லை என்றால், முன்பு சொன்ன முகப்புத் திரையில் பெரும்பாலும் 'பி.சி.எம்.' என்றுதான் இருக்கும். தொலைக்காட்சியின் ஒலி மெனுவில் 'டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்' என்ற இடத்துக்குச் சென்று, 'பி.சி.எம்.' என்பதை 'ஆட்டோ' என்றோ 'பாஸ் த்ரூ' என்றோ மாற்றுங்கள்; சில மாடல்களில் இதன் பெயர் 'பிட்ஸ்ட்ரீம்'. செட்-டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர் ஆகியவற்றின் மெனுவிலும் இதே தேர்வு தனித்தனியே உண்டு. சங்கிலியில் ஒரு கண்ணி ஸ்டீரியோவாகச் சுருக்கிவிட்டாலும் முடிவில் வருவது ஸ்டீரியோதான்.

அதையும் சரிபார்த்த பிறகு ஒலித்தடத்தைப் பாருங்கள். ஓ.டி.டி. தளங்களில் சில படங்களுக்கு மூல மொழியில் 5.1 இருக்கும், தமிழ் மொழிமாற்றத்தில் ஸ்டீரியோ மட்டும் இருக்கும். டிவிடியிலும் 2.0, 5.1 என்று இரண்டு தடங்கள் இருந்து, முதலாவது தானாகவே ஓடத் தொடங்குவது உண்டு.

கேபிளும் ஒரு காரணம். ஆப்டிகல் கேபிள் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1, டிடிஎஸ் ஆகியவற்றைச் சுமக்கும், ஓ.டி.டி. செயலிகள் பெரும்பாலும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸை அது சுமக்காது. தொலைக்காட்சி அதைச் சாதாரண டால்பியாக மாற்றித் தந்தால் பிழைத்தோம், இல்லையேல் ஸ்டீரியோதான். ஆகவே, தொலைக்காட்சியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும், 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்த 'ஆர்க்' இணைப்பையே பயன்படுத்துங்கள். தொலைக்காட்சியில் நான்கு எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும் 'ஆர்க்' என்று அச்சிட்ட ஒன்றே இதற்கு உதவும். இரு கருவிகளிலும், கேபிள் வழியே ஒன்றையொன்று இயக்க உதவும் 'சி.இ.சி.' வசதியை இயக்கி வைப்பதும் பெரும்பாலும் தேவைப்படும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நியாயமான மௌனமும் இருக்கிறது. இருவர் மேசையில் அமர்ந்து பேசும் காட்சியில் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு வேலையே இராது. மழை, கூட்டம், காடு, வண்டி கடந்து செல்லும் ஓசை வரும்போதுதான் அவை விழிக்கும். பழைய பாடல்களும் செய்தி ஒளிபரப்பும் பிறப்பிலேயே ஸ்டீரியோ அல்லது மோனோ. ஸ்டீரியோவை விரித்துத் தர 'டால்பி சரவுண்ட்', 'புரோ லாஜிக் 2', 'நியூரல் எக்ஸ்' போன்ற முறைகள் ரிசீவரில் உண்டு. இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே இவை பின்பக்க ஒலியை வடித்தெடுக்கின்றன. இரு பக்கமும் ஒன்றேயான மோனோ பாடலில் வேறுபாடு சுழியம் என்பதால், குரலும் இசையும் சென்டரில் குவிந்து பின்பக்கம் அமைதியாக இருப்பதே சரியான நடத்தை. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கிச் சேர்த்துச் செய்யும் ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்டீரியோ உள்ளீடு மட்டும் உள்ளவையும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டு முறையில் இயங்குகின்றன. அவற்றின் முகப்பில் 5.1 என்று எழுதியிருந்தாலும் உள்ளே செல்வது இரண்டு சேனல்தான் என்பதை அறிந்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

அறிகுறி: இசை அதிர்கிறது, வசனம் புரியவில்லை

வீட்டில் முதியவர் இருந்தால் இந்தக் குறைதான் முதலில் எழும். அவர்கள் காதைக் குறை சொல்லி இதைக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அமைப்பிலேயே பிழை இருக்கும்.

5.1 படங்களில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலில் இருக்கிறது. உங்களிடம் சென்டர் ஸ்பீக்கர் இல்லாமல், மெனுவில் மட்டும் 'இருக்கிறது' என்று குறித்திருந்தால், வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய் மறைந்துவிடும். பின்னணி இசை மட்டும் தெளிவாகக் கேட்கும். மெனுவில் சென்டரை 'இல்லை' என்று மாற்றினால் அந்த ஒலி முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்து தரப்படும்.

சென்டர் ஸ்பீக்கர் இருந்தும் தெளிவில்லை என்றால், மெனுவைத் தொடும் முன் அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். ஷோகேஸின் தட்டுக்குள் நன்றாக உள்ளே தள்ளி, இருபுறமும் பொம்மைகளோடு வைக்கப்பட்ட சென்டர் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். தட்டின் முன்விளிம்புக்கு அதை இழுத்து, கீழே சிறு ரப்பர் துண்டு வைத்து, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஒரு செலவும் இல்லாத இந்த மாற்றம் பல வீடுகளில் மெனு மாற்றங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் தருவதைக் கண்டிருக்கிறேன். தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரும் கூடவே ஒலித்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். ஒரே குரல் சிறு காலவேறுபாட்டோடு இரண்டு இடங்களிலிருந்து வரும்போது சொற்கள் மங்கிவிடும்.

அதன்பின் அளவு. எல்லா ஸ்பீக்கர்களின் டெஸ்ட் டோனும் அமரும் இடத்தில் ஒரே அளவாக, வழக்கமாக 75 டெசிபலாக இருக்குமாறு அமைத்த பிறகு, சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தலாம். கைபேசிச் செயலி துல்லியமாக அளக்காது என்றாலும், ஒன்றோடொன்று ஒப்பிட அதுவே போதும். 3 டெசிபலுக்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

அந்த வேறு காரணங்களில் முதன்மையானது ஒலியின் ஏற்ற இறக்கம். திரையரங்குக் கலவையில் ஒவ்வொரு சேனலும் சராசரியாக 85 டெசிபலை ஆதாரமாகக் கொண்டு, உச்சத்தில் 105 டெசிபல் வரை எழுமாறு அமைக்கப்படுகிறது. வீட்டில் நாம் அதைவிட 20 டெசிபல் குறைத்து வைத்தே கேட்கிறோம். அப்போது உச்சங்கள் தாங்கக்கூடியவை ஆகின்றன; ஆனால் கிசுகிசுப்பான வசனம் மின்விசிறியின் ஓசைக்குள் மூழ்கிவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். இதற்கென்றே 'நைட் மோட்', 'டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷன்' என்ற தேர்வுகள் இருக்கின்றன. உச்சத்தைத் தாழ்த்தி, தாழ்ந்ததை உயர்த்தி, இடைவெளியை அவை சுருக்குகின்றன. படைப்பாளியின் நோக்கத்துக்கு இது மாறானது என்று சிலர் தடுப்பார்கள். இரவு பதினொரு மணிக்கு, குழந்தை தூங்கும் வீட்டில், வசனம் புரிவதே படைப்பாளியின் முதல் நோக்கம் என்பது என் உறுதியான எண்ணம். தயங்காமல் பயன்படுத்துங்கள், பகலில் நிறுத்திவிடுங்கள்.

அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ஆடிஸி முறை கொண்ட ரிசீவர்களில் 'டைனமிக் ஈக்யூ' என்பதையும் கவனியுங்கள். குறைந்த ஒலியில் கேட்கும்போது பேஸையும் சரவுண்டையும் அது உயர்த்தித் தருகிறது. திரைப்படத்துக்கு இது பொருத்தம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் பாடல்களுக்கும் மிகையாகி வசனத்தை மூடிவிடும். 'ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்' என்பதை 10 அல்லது 15 டெசிபலுக்கு மாற்றினால் இந்த மிகை அடங்கும்.

எஞ்சுவது அறை. ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். தட்டல் நின்ற பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் சுவர்களுக்கிடையே ஓடினால், உங்கள் வசனத்தின் மெய்யெழுத்து ஒவ்வொன்றின் மீதும் அந்த நடுக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர்களுக்கும் சோபாவுக்கும் இடையே தரையில் தடித்த கம்பளம், சன்னல்களுக்கு மடிப்பு மிகுந்த கனமான திரை, வெற்றுச் சுவரோரம் புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை நல்ல பலன் தரும். மெல்லிய ஜமக்காளம் உயர் சுருதி ஒலியை ஓரளவு அடக்குமே தவிர அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: பேஸ் ஒரே சுரத்தில் முழங்குகிறது

எந்தப் பாட்டைப் போட்டாலும் பேஸ் கிட்டாரின் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் வீங்கிக் கேட்கிறது என்றால், ஒலிப்பது உங்கள் அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரம், ஒரு ஒலியலையின் நீளத்தில் பாதியாக அமையும்போது அந்த ஒலி அறைக்குள் தேங்கி நிற்கிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் என்று கொண்டால், 16 அடி நீளத்துக்கு அது 35 ஹெர்ட்ஸிலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் நிகழும். இரண்டுமே சப்வூஃபரின் எல்லைக்குள் வருபவை. சப்வூஃபர் மூலையில் இருந்தால் இவை எல்லாம் முழு வேகத்தில் தூண்டப்படும். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் அவை மிகுதியாகக் கேட்கும் இடத்திலேயே நாம் அமர்ந்திருப்போம்.

சப்வூஃபருக்கு இடம் தேட நல்ல முறை ஒன்று உண்டு. அதைத் தூக்கிச் சோபாவின் மீது, நீங்கள் அமரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நடமாடும் ஒரு பாடலை ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஒரே சீராகக் கேட்கின்றன என்று காதைத் தாழ்த்திக் கேளுங்கள். அந்த இடமே சப்வூஃபருக்கு உரியது. சோபாவைப் பின்சுவரிலிருந்து ஓர் அடியோ இரண்டடியோ முன்னால் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

மெனுவில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, 'ஸ்மால்' என்றும் 'லார்ஜ்' என்றும் இருப்பது ஸ்பீக்கரின் உருவத்தைப் பற்றியது என்று எண்ணிப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு 'லார்ஜ்' கொடுத்துவிடுகிறார்கள். 'ஸ்மால்' என்பதன் பொருள், குறிப்பிட்ட எல்லைக்குக் கீழுள்ள பேஸைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடு என்பதே. சப்வூஃபர் உள்ள வீட்டில் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் 'ஸ்மால்' கொடுத்து, அந்த எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். கைக்கு அடக்கமான சிறு ஸ்பீக்கர்களுக்கு 120 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் ஆண்குரலின் அடிப்பகுதி சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து கேட்கத் தொடங்கும். இரண்டாவது, 'எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்' என்ற தேர்வு; எல்.எஃப்.இ. என்பது படத்தில் பேஸுக்கென்றே உள்ள தனிச் சேனல். ஒரே பேஸை இரண்டு இடங்களிலிருந்து வரவைக்கும் இதைத் தவிர்த்து, 'எல்.எஃப்.இ.' மட்டும் என்று வையுங்கள். மூன்றாவது, ரிசீவர் மைக் மூலம் ஸ்பீக்கர்களின் ஒலியைத் தானே அளந்து அமைக்கும் தானியங்கி அளவீட்டுக்குப் பின் சப்வூஃபரின் அளவு மைனஸ் 12 என்று கடைசி எல்லையில் நின்றால், அதன் பின்பக்கக் குமிழ் மிக உயர்வாக உள்ளது. குமிழைக் குறைத்து அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். அளவீட்டின்போது மின்விசிறியும் ஏ.சி.யும் நிற்க வேண்டும். மைக், சோபாவின் மீது வைக்கப்படாமல், அமர்ந்தவரின் காது உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

அறிகுறி: சப்வூஃபர் இருந்தும் பேஸ் இல்லை

எழுந்து சுவரோரம் சென்று கேளுங்கள். அங்கே பேஸ் திரண்டு இருந்து, சோபாவில் மட்டும் இல்லை என்றால், நீங்கள் அலையின் வெற்றிடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். அறையின் சரிபாதியில் அமர்பவர்களுக்கு இது நேரும். எந்தச் செட்டிங்கும் இதை நிரப்பாது, இருக்கையோ சப்வூஃபரோ நகர வேண்டும்.

எங்குமே இல்லை என்றால், சப்வூஃபரின் 'ஃபேஸ்' சுவிட்சை 0 பாகையிலிருந்து 180க்கு மாற்றி, பேஸ் கூடும் நிலையில் விட்டுவிடுங்கள். அதன் உடலில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை மேல் எல்லைக்குத் திருப்பிவிடுங்கள். ரிசீவர் ஏற்கெனவே வடிகட்டியதை அது இரண்டாம் முறை வடிகட்டத் தேவையில்லை. 'ஆட்டோ' மின்நிலையில் இருந்தால், மெல்லிய ஒலியில் அது தூங்கிவிடவும் கூடும்.

முன்பக்க ஸ்பீக்கர் ஒன்றில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தாலும் பேஸ் மெலியும். நடுவில் அமர்ந்து, ரிசீவரை 'ஸ்டீரியோ' முறையில் வைத்து, ஒருவர் மட்டும் பேசும் ஒலியைக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் தலையைச் சுற்றிப் பரவினால், ஒரு பக்க ஒயரை மாற்றிச் செருகுங்கள்.

தானியங்கி அளவீடு, சப்வூஃபரின் தூரத்தை நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் அதைத் 'திருத்த' வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிட்டிருக்கிறது.

அறிகுறி: பின்னாலிருந்து வரும் ஒலி கவனத்தைக் கலைக்கிறது

முதலில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒலியை எல்லா ஸ்பீக்கர்களிலும் தரும் இது, வீட்டில் விசேஷம் நடக்கும்போது பின்னணிப் பாட்டுக்கு ஏற்றது, படத்துக்கு அல்ல.

அடுத்து இடம். ஒலிபரப்புத் துறைக்கான ஐ.டி.யூ. (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி, முன்பக்க ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகையிலும் அமைய வேண்டும். அதாவது காதுக்கு நேர்ப் பக்கத்தைவிடச் சற்றே பின்னால். சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும் வீடுகளில், பின்சுவரின் மேல் மூலைகளில் ஸ்பீக்கரைத் தொங்கவிடுவதுதான் வழக்கமாகிவிட்டது. அதைவிட, பக்கச் சுவர்களில், காதுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, காது உயரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அடி மேலே மாட்டினால் ஒலி ஒரு புள்ளியில் குத்தாமல் நம்மைச் சூழ்ந்து நிற்கும்.

பிறகு தூரமும் அளவும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. இடப்பக்கச் சரவுண்ட் ஒரு மீட்டரிலும் வலப்பக்கச் சரவுண்ட் மூன்று மீட்டரிலும் இருந்து, மெனுவில் இரண்டுக்கும் ஒரே தூரம் கொடுத்திருந்தால், அருகில் உள்ளது 6 மில்லி நொடி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிடும். அமரும் இடத்திலிருந்து நாடாவால் அளந்து எழுதுங்கள்.

அறிகுறி: உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை

குரல் முந்துகிறதா, பிந்துகிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கதவு அறையப்படும் காட்சியோ, மிருதங்கத்தில் விரல் விழும் காட்சியோ இதற்கு ஏற்றது. இயற்கையில் மின்னலுக்குப் பிறகே இடி கேட்டுப் பழகிய நமக்கு, ஒலி பிந்துவதைவிட முந்துவது விரைவில் உறுத்தும். ஐ.டி.யூ. ஆவணம் ஒன்று, ஒலி 45 மில்லி நொடி முந்தினாலோ 125 மில்லி நொடி பிந்தினாலோ அது உணரப்படும் என்று வரையறுக்கிறது.

குரல் முந்தினால், தொலைக்காட்சி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. ரிசீவரில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' அளவை ஒவ்வொரு முறையும் 20 மில்லி நொடி வீதம் உயர்த்திக்கொண்டே சென்று பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். குரல் பிந்தினால் முதலில் அந்த அளவைச் சுழியமாக்குங்கள். பிறகு தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டை 'பாஸ் த்ரூ' ஆக்குங்கள். தொலைக்காட்சி ஒலியைப் பிரித்து, மாற்றி, மீண்டும் கட்டி அனுப்பும் நேரம் அப்போது மிச்சமாகும்.

அறிகுறி: அட்மாஸ் என்று காட்டவில்லை, அல்லது காட்டியும் மேலிருந்து ஒலி இல்லை

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் முறையாக 2014இல் வீடுகளுக்கு வந்த டால்பி அட்மாஸ் இரண்டு வாகனங்களில் பயணிக்கிறது. ஓ.டி.டி. தளங்களில் அது டால்பி டிஜிட்டல் பிளஸ் மீது ஏறி வருவதால் சாதாரண 'ஆர்க்' இணைப்பே போதும். புளூரே தட்டில் டால்பி ட்ரூ எச்.டி. மீது வருவதால் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான 'இ-ஆர்க்' வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் இணைக்க வேண்டும். எனவே ஓ.டி.டி.யில் அட்மாஸ் வந்து தட்டில் மட்டும் வரவில்லை என்றால் காரணம் கேபிள் செல்லும் பாதையில் இருக்கிறது. இரண்டிலும் வரவில்லை என்றால் தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு 'ஆட்டோ'வில் உள்ளதா, உங்கள் சந்தாத் திட்டத்தில் அட்மாஸ் அடங்குமா என்று பாருங்கள்.

கூரையை நோக்கி ஒலியை வீசித் தெறிக்கவைக்கும் ஸ்பீக்கர்களுக்குச் சமதளமான, கெட்டியான கூரை வேண்டும். பத்தடி உயரமுள்ள கான்கிரீட் கூரை இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. மரச்சட்டங்கள் ஓடும் மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், சாய்வான ஓட்டுக் கூரையிலும் ஒலி சிதறிவிடும். அத்தகைய வீட்டில் ஸ்பீக்கரை மேலே மாட்டுவதே வழி. மாட்டிய பின் மெனுவில் அதன் வகையையும் மாற்ற மறக்காதீர்கள்.

அறிகுறி: நிற்காத 'ம்ம்ம்' என்ற உறுமல்

இது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசை. செட்-டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால், வெளியிலிருந்து வரும் அந்த ஒயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் வேறுபடுகின்றன. ஒயருக்கு இடையில் செருகும் 'கால்வானிக் ஐசொலேட்டர்' என்ற சிறு பொருள் இதைத் தீர்க்கும். டிடிஎச் ஆன்டெனாவுக்கு ஒயர் வழியாகவே மின்சாரம் செல்ல வேண்டியிருப்பதால், அதைத் தடுக்கும் சாதாரண ஐசொலேட்டர் அங்கே உதவாது. கேபிள் காரணமில்லை என்றால் எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிச் சோதியுங்கள்.

எர்த் பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ உறுமலை நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் நின்றுவிடலாம், ஆனால் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் உலோக உறையைத் தொடும் கையைக் காப்பாற்ற இருந்த ஒரே வழியும் போய்விடும்.

அறிகுறி: ஒலியை உயர்த்தினால் ரிசீவர் அணைந்துவிடுகிறது

ரிசீவரின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கதவு மூடிய ஷோகேஸுக்குள் வெந்துகொண்டிருந்தால், வெப்பத்தால் தன்னைக் காத்துக்கொள்ள அது அணைகிறது. மேலே குறைந்தது நான்கைந்து விரற்கடை இடைவெளி விட்டு, பின்பலகையைத் திறந்துவிடுங்கள். சூடு இல்லாமலே அணைந்து, முகப்பில் 'புரொடெக்ட்' என்று காட்டினால், ஸ்பீக்கர் ஒயரின் ஒற்றை இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மின்இணைப்பைத் துண்டித்து, எல்லா ஒயர்களையும் கழற்றி, இழைகளை இறுக முறுக்கி மீண்டும் செருகுங்கள். பிறகு ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக இணைத்து, ஒலியை மெல்ல உயர்த்திப் பாருங்கள். எந்த ஸ்பீக்கரை இணைத்ததும் ரிசீவர் அணைகிறதோ, பிழை அந்த ஒயரிலோ அந்த ஸ்பீக்கரிலோ இருக்கிறது.